கிளி கடித்த பழம்

கிளி வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டை விட்டு வெளியேறிய முதல் பொருள் நான்ஸ்டிக் தவா. அது அளவுக்கு மீறிச் சூடானால் ஒரு புகை கிளம்புமாம். மனிதன் மூக்குக்குத் தெரியாது, பறவையின் நுரையீரலைத் தின்றுவிடுமாம். செல்போன் வீடியோவில் ஒரு ஆள் கூண்டுக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னான். மகள் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த தவா அது. கீறல் விழக்கூடாது என்று மரக்கரண்டியால் மட்டுமே புரட்டி வைத்திருந்தோம். அதைக் காயலான்கடையில் போட்டுவிட்டு வந்து, பரணில் கிடந்த இரும்புத் தோசைக்கல்லை இறக்கித் துரு தேய்த்தேன்.

அடுத்து கொசுவத்தி. மாங்காட்டில் கொசுவத்தி இல்லாமல் மனிதன் இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன். ஜன்னல்களுக்கெல்லாம் வலை அடித்தேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்தினேன். சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டுவதும் போயிற்று. ஊரே காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போகும் நாளில் எங்கள் வீட்டில் மட்டும் ஒரு புகையும் இல்லை. குளியலறையில் வாளிகளுக்கு மூடி வாங்கிப் போட்டேன், கிளி விழுந்து மூழ்கிவிடக் கூடாது. அலமாரிக் கண்ணாடிக்குத் துணி தொங்கவிட்டேன். ஹாலில் மின்விசிறியின் சுவிட்சைச் சிவப்பு டேப் ஒட்டி அடைத்தேன். சித்திரை மாத வெயிலில் மின்விசிறி இல்லாத ஹால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பத்தாறு வருஷம் ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை பார்த்தவன். ஒரு பொருளை அளந்து பார்க்காமல் உள்ளே விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கூண்டு வாங்கப் போனபோது சட்டைப்பையில் வெர்னியர் அளவுகோல் வைத்துக்கொண்டு போனேன். கம்பிகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, தலை சிக்குமா, பூச்சில் பறவைக்கு விஷமான துத்தநாகம் இருக்கிறதா என்று கேட்டதில் கடைக்காரன் சிரித்துவிட்டான்.

"சார், கிளிக்கு ஊடு பாக்குறீங்களா, பொண்ணுக்கு மாப்ள பாக்குறீங்களா?"

இவ்வளவும் செய்தவன் ஒன்றைச் செய்யவில்லை. என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது, கழிவறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி மாட்டச் சொல்லி அனுப்பினார்கள். பதினோரு மாதம் ஆகியும் நான் அதை மாட்டவில்லை. கூண்டைத் தொங்கவிட உத்தரத்தில் துளை போடுவதற்காக டிரில்லிங் மிஷின் இரண்டு நாள் வீட்டில் இருந்தது. அப்போதும் மாட்டவில்லை. ஏன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். கிளி இனிமேல் வரப்போவது. அவள் ஏற்கெனவே வந்துவிட்டவள். அவ்வளவுதான் பதில்.

பக்கவாதம் அவளுடைய வலது கையையும் வலது காலையும் பாதி எடுத்துக்கொண்டு, பேச்சை முழுசாக எடுத்துக்கொண்டது. சொல்வதெல்லாம் புரியும். தொலைக்காட்சியில் சிரிப்பு வந்தால் சிரிப்பாள். சிரிப்பு மட்டும் பழையபடியே இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும். பூந்தமல்லியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் வாரம் இரண்டு நாள் கூட்டிப் போனேன். சோறு, தண்ணி, வலி, போதும் என்று பத்துச் சொற்களை அட்டையில் எழுதிக் கொடுத்து, வீட்டில் தினமும் நிதானமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். உதடு அசையும், சத்தம் வராது. பத்து நிமிஷத்தில் எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அட்டையை மேசைமேல் எறிந்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

கிளியை முதலில் பேச்சில் எடுத்தவள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாள். நசரத்பேட்டையிலிருந்து காலை ஒருமுறை வந்து பாத்திரம் துலக்கி, என் மனைவியைக் குளிப்பாட்டிவிட்டு, மதியம் திரும்ப வந்து மீதி வேலையை முடித்துவிட்டுப் போவாள். என் மனைவியை அக்கா என்பாள், என்னை நைனா என்பாள், ஏறக்குறைய என் வயதுதான் அவளுக்கும்.

"இன்னா நைனா, டாக்டரு டாக்டருன்னு அலஞ்சிகினு கீற. கிளி கட்ச்ச பயம் குட்து பாரு. எங்க அக்கா பையனுக்கு நாலு வயசு வரிக்கும் பேச்சே வர்ல. கொய்யா மரத்தாண்ட போயி, கிளி கட்ச்சிப் போட்ட பயத்தப் பொறுக்கியாந்து குட்தாங்க. இப்ப அவன வாய மூடச் சொல்லு பாப்பம், முடியாது."

"பயம் இல்ல, பழம்" என்றேன்.

"அதான் நானும் சொல்றேன், பயம்."

இந்த ழகரம் எனக்கு ஒரு நோய். நான் குத்தம்பாக்கத்துக்காரன். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலிக்குக் கழனி வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் பழம் என்று யாரும் சொன்னதில்லை, பயம்தான். கோழி கோயிதான். அம்பத்தூரில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு அப்ரண்டிசாகச் சேர்ந்தபோது, தெற்கத்திக்கார போர்மேன் ஒருவர் என்னைப் பத்துப் பேருக்கு நடுவில் நிற்கவைத்து, 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லிச் சிரிப்பார். சைக்கிளில் போகும்போதும் வரும்போதும் சொல்லிச் சொல்லி நாக்கை வளைத்தேன். ஒரு வருஷத்தில் அந்த போர்மேனைவிட நன்றாக ழகரம் வந்தது. அன்றைக்குப் பிடித்த நோய் இது. கல்யாணம் ஆனதிலிருந்து என் மனைவியைத் திருத்திக்கொண்டே இருந்தேன். அவள் நசரத்பேட்டைக்காரி, கடைசிவரை பயம் என்றே சொன்னாள். "பயம் வாங்கியாந்தேன்" என்பாள். "எதுக்கு பயம்? யாரப் பாத்து பயம்?" என்று நான் சிரிப்பேன். விருந்தாளிகள் முன்னாலும் இதைச் செய்திருக்கிறேன். முதலில் அவளும் கூடச் சிரித்தாள். பிறகு பழத்தின் பேரைச் சொல்லாமல், கொய்யா, சாத்துக்குடி என்று தனித்தனியாகச் சொல்லப் பழகிக்கொண்டாள்.

கிளி கடித்த பழத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கை வைத்த இடமெல்லாம் கைவிரித்த பிறகு, நம்பிக்கை இல்லாத இடத்தில் போய் நிற்பதில் என்ன கௌரவக் குறைச்சல்? மாங்காட்டில் கொய்யா மரங்களெல்லாம் அடுக்குமாடிகளாகிவிட்டன. தினம் கடித்த பழம் வேண்டுமென்றால் கிளி வீட்டில் இருக்க வேண்டும். நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பது குற்றம். ஆகவே வெளிநாட்டு ரகம், பச்சை உடம்பும் சாம்பல் நெஞ்சுமாக ஒன்றை, பதிவுக் காகிதமெல்லாம் சரிபார்த்து, பூந்தமல்லியில் ஒரு பறவைக்கடையில் வாங்கினேன். நன்றாகப் பேசக்கூடிய ஜாதி என்றான் கடைக்காரன். எங்கே வைப்பது என்று கேட்டேன்.

"எங்க ஜாஸ்தி பேச்சு நடக்குதோ அங்க வைங்க சார். தனியா பால்கனில போட்டா ஊமையாப் பூடும்."

எங்கள் வீட்டில் பேச்சு நடக்கும் இடம் ஒன்றுதான். ஹாலில் சாப்பாட்டு மேசை. அங்கேதான் என் மனைவியை உட்காரவைத்து நான் ஊட்டுவேன். கூண்டை மேசைக்கு மூன்றடி தள்ளித் தொங்கவிட்டேன்.

கிளிக்கு ஒரு அட்டவணை போட்டு குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டினேன். காலை ஆறரைக்குக் கூண்டின்மேல் போர்த்திய துணியை எடுப்பது, ஏழு மணிக்குத் தண்ணீர் மாற்றுவது, எட்டு மணிக்கு ஊறவைத்த தினையும் முளைகட்டிய பயறும், பத்து மணிக்கு ஒரு மணி நேரம் வெளியே விடுவது, பதினொன்றுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது, மாலை ஆறரைக்கு மறுபடி துணி. கூண்டை மூடுவதற்கு அவளுடைய பழைய நூல் புடவை ஒன்றைக் கிழித்தேன். பறவைக்குப் பதட்டம் கூடாது, அதட்டிப் பேசக்கூடாது என்று வீடியோவில் சொன்னதைச் சிவப்பு மையில் எழுதி, அட்டவணைக்குக் கீழே ஒட்டியிருந்தேன். மகள் வந்தபோது அதைப் படித்துவிட்டு, "அப்பாவுக்கு ரிட்டையர்மென்ட்டுக்கு அப்புறம் மறுபடி வேலை கெடச்சிருச்சு" என்று சிரித்தாள்.

என் மனைவிக்கும் கிளிக்கும் இரண்டாவது வாரமே ஒட்டிக்கொண்டது. வெளியே விட்டால் பறந்து வந்து அவளுடைய இடது தோளில் உட்காரும். அவள் இடது கையால் ஒரு பச்சை மிளகாயை நீட்டுவாள். அது ஒரு காலால் வாங்கிக்கொண்டு கடிக்கும். விதையெல்லாம் அவள் புடவையில் சிந்தும். அவள் சிரிப்பாள். கிளி கொத்திய கொய்யாவை விதை எடுத்து மசித்து முதல் நாள் நீட்டியபோது முகத்தைச் சுளித்தாள். அடுத்த நாளிலிருந்து வாங்கிக்கொண்டாள். கிளிக்கு நான் பேர் வைக்கவில்லை. பேச்சு வந்ததும் அவளே வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதைச் சொன்னபோது அவள் கண் கலங்கியது. அந்தக் கொஞ்ச நாள் நான் நல்ல மனுஷனாக இருந்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சாப்பாட்டு நேரம் மட்டும் சிரமம்.

அதை இப்படி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகத்தான் ஆசை. ஆனால் அதற்காகவா இதை எழுத உட்கார்ந்தேன்? அவளுக்கு வாயின் வலதுபக்கம் உணர்ச்சி குறைவு. சோறு கன்னத்தில் தங்கிவிடும். முழுங்கினாளா என்று பார்த்துப் பார்த்து அடுத்த கரண்டி கொடுக்க வேண்டும், அவசரப்பட்டால் புரையேறும். ஒரு வேளைச் சாப்பாடு முக்கால் மணி நேரம், சில நாள் ஒரு மணிக்கு மேல். ஒரு நாளைக்கு மூன்று வேளை. கொய்யா மசியலை மட்டும் மளமளவென்று முழுங்கிவிடுவாள். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அப்படியானால் சோற்றை வேண்டுமென்றேதான் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாள், திமிர் என்று நினைத்தேன். அவள் இருபத்திரண்டு வருஷம் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, சாப்பிடாத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிச் சாப்பிடவைத்தவள். எனக்கு ஒரே ஒருத்தி. நான் ஒரு நாளும் கதை சொல்லவில்லை. கரண்டியால் எவர்சில்வர் கிண்ணத்தைத் தட்டுவேன், டக் டக் என்று. அவள் வாயைத் திறக்க வேண்டும் என்று அர்த்தம். திறக்காவிட்டால் என் வாய் திறக்கும். அடித்ததில்லை. இதை ஒரு பெருமைபோலப் பல நாள் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன், அடித்ததில்லை என்று.

எங்கள் கல்யாணத்தின்போது, கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த மாதிரி ஆயிற்று என்று அவளுடைய அத்தை ஒருத்தி பேசியதாக என் காதுக்கு வந்தது. அந்த அத்தை வீட்டுக்கு இருபது வருஷம் நான் போகவில்லை.

கிளிக்கு நான் கற்றுக்கொடுத்த வாக்கியம், "அம்மா, சாப்டியா?" தினமும் பதினொன்றுக்குக் கூண்டின் முன் நின்று, குரலைத் தேனில் தோய்த்து, அரைமணி நேரம் சொல்வேன். கிளி சொன்னால் அதைக் கேட்டு அவளும் சொல்வாள் என்று ஒரு கணக்கு. மூன்று மாதம் ஆயிற்று. கிளி குக்கர் விசில் அடித்தது. கீழே குப்பை வண்டி வரும்போது ஒலிக்கும் பாட்டைப் பாதி அடித்தது. நான் காலையில் தொண்டையைக் காறுவதை அப்படியே செய்தது. அம்மா என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வருவாள், நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையிலேயே இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிடுவாள். அந்தச் சனிக்கிழமை மதியம் தானே அம்மாவுக்கு ஊட்டுகிறேன் என்று உட்கார்ந்தாள். நான் எதிரே பேப்பர் வைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்கார அம்மாள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் ரசம் சோற்றைப் பிசைந்து, கரண்டியில் ஒட்டிய பருக்கையை உதற, கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

கூண்டிலிருந்து முதலில் என் காறல் வந்தது. பிறகு என் குரல்.

"முழுங்கித் தொலைடி, சனியனே."

மகள் சிரித்துவிட்டாள். "ஐயோ, சீரியல் பாத்துக் கத்துக்கிச்சா?" என்று கூண்டின் பக்கம் திரும்பினாள். அதற்குள் அது மறுபடி சொன்னது. இந்தத் தடவை முழுசாகச் சொன்னது.

"முழுங்கித் தொலைடி, சனியனே. செத்தாவது தொலையேன்."

மகள் சிரித்த முகத்தோடு அம்மாவின் பக்கம் திரும்பினாள். கரண்டி இன்னும் கிண்ணத்துக்குள்தான் இருந்தது. யாரும் எதையும் நீட்டவில்லை. என் மனைவி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயை அகலத் திறந்து வைத்திருந்தாள்.

மகள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குப் பிற்பாடு நிறையத் தோன்றியிருக்கிறது. அப்போது நான் சொன்னது இது: "வேலைக்கார அம்மா பேசறதக் கேட்டுக் கத்துக்கிட்டிருக்கும்."

தண்ணீர்க் குழாய் நின்றது. வேலைக்கார அம்மாள் கையில் சோப்பு நுரையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா நைனா சொன்ன? நானா?"

நான் பேப்பரைப் பார்த்தேன்.

"யம்மா, நீ படிச்ச பொண்ணு, நீயே கேளு" என்று மகளிடம் சொன்னாள். "நான் சொல்லி அது கத்துக்கினா, முயுங்குன்னு சொல்லும். எனக்கு வர்றது அவ்ளோதான். அது இன்னா சொல்லுது? எனக்கு வாய்லயே நொயையாத எய்த்து அது. இந்த ஊட்ல அந்த எய்த்து யாருக்கு வருதுன்னு உனுக்கே தெரியும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "தெனம் கேட்டுகினுதான் கீறேன் நைனா. பெரிய மனுசனாச்சே, ஊட்டு விசயமாச்சேன்னு வாய மூடிகினு இருந்தேன். என்னிய செருப்பால அட்ச்சிக்கணும்."

கிளி மறுபடியும் சொன்னது. அதற்கு நாங்கள் எல்லோரும் பார்ப்பது பிடித்திருந்தது. முழுங்கு என்பதில் ழகரம் சுத்தமாக, என் போர்மேன் எழுந்து நின்று கைதட்டும் அளவுக்கு வந்து விழுந்தது. மாங்காட்டில் இந்தத் தெருவில் அப்படி ஒரு ழகரம் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

மகள் நாற்காலியை அம்மாவின் பக்கம் நகர்த்தினாள். "ம்மா, அப்பா உன்ன இப்படித்தான் பேசறாரா?" என்று கேட்டாள். என் மனைவி இரண்டு பக்கமும் தலையை ஆட்டினாள். இல்லை என்று. அதைப் பார்த்து எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது, அப்புறம் போய்விட்டது. பக்கவாதத்துக்குப் பிறகு அவளுக்கு ஆமாவும் இல்லையும் மாறி மாறி வரும். பசிக்கிறதா என்றால் தலையை இல்லை என்று ஆட்டிவிட்டு வாயைக் காட்டுவாள். என்னைக் காப்பாற்றத்தான் தலையை ஆட்டினாளா, ஆமாம் என்று சொல்ல நினைத்தது அப்படி வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மகள் அதற்குமேல் கேட்கவில்லை. ஆறிப்போன சோற்றை அம்மாவுக்கு ஊட்டி முடித்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒருமுறைகூடக் கிண்ணத்தைத் தட்டவில்லை.

மறுநாள் காலையில் கார் வந்தது. கொஞ்ச நாள் கூட்டிப்போய் வைத்துக்கொள்கிறேன் என்றாள் மகள். எத்தனை நாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாத்திரைப் பெட்டி, பயிற்சி அட்டை, புடவைகள் எல்லாவற்றையும் நான்தான் எடுத்துவைத்தேன். "போறியா?" என்று என் மனைவியிடம் கேட்டேன். அவள் கூண்டைப் பார்த்தாள். இடது கையை நீட்டிக் கம்பி வழியாக ஒரு விரலை விட்டாள். கிளி அதை மெதுவாகக் கடித்தது. என்னைப் பார்க்கவில்லை. லிப்டில் இறக்கி, காரில் உட்காரவைத்து, வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தேன். கார் பெங்களூர் சாலைப் பக்கம் திரும்பியது. நான் மேலே வந்து பத்து மணிக்குக் கிளியைக் கூண்டிலிருந்து வெளியே விட்டேன், அட்டவணையில் அப்படித்தான் இருந்தது.

வேலைக்கார அம்மாள் அதற்குப் பிறகு வரவில்லை. நான் போய்க் கூப்பிடவும் இல்லை, எந்த முகத்தோடு கூப்பிடுவது?

கிளி மட்டும் தவறாமல் இருந்தது. மதியம் ஒரு மணிக்குத் தட்டு எடுக்கும் சத்தம் கேட்டாலே காறிக்கொண்டு ஆரம்பித்துவிடும். நான் கரண்டியை விட்டேன், கையால் சாப்பிட்டேன். எவர்சில்வரை விட்டேன், பீங்கான் தட்டுக்கு மாறினேன். அது தட்டைப் பார்த்து ஆரம்பித்தது. முழுங்கித் தொலைடி, சனியனே. முதல் வாய்ச் சோறு கையில் இருக்கும்போது யாரோ உங்களைச் செத்துத் தொலையச் சொன்னால், அது என்ன ருசி என்று தெரியும். மூன்று வேளையும் அவள் அதைத்தான் தின்றிருக்கிறாள். அவளால் எழுந்து அடுத்த அறைக்குப் போகவும் முடியாது. எனக்கு ஒரு வாரத்திலேயே வயிறு சுருங்கிவிட்டது.

பறவைக்கடைக்குப் போனேன். ஒரு வார்த்தையை மறக்கவைக்க வழி உண்டா என்று கேட்டேன்.

"இன்னா வார்த்த சார்?"

"கெட்ட வார்த்தை" என்றேன்.

"அது டேப் ரிக்கார்டரா சார், அழிக்கறதுக்கு? யாரும் சொல்லாம இருந்தா நாளாவட்டத்துல கொறயும். போவாது." கடைக்காரன் கம்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டே பேசினான். "நீங்க மெதுவா சொன்னா அதுக்கு ஏறாது சார். கோவத்துல கத்தினீங்கன்னா ரெண்டே நாள்ல புட்ச்சிக்கும். வேகமா வர்ற வார்த்த மேலதான் அதுக்கு ஆச."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மூன்று மாதம் தேனொழுக நான் சொன்ன அம்மாவில் ஒன்றுமே இல்லை என்று ஒரு பறவைக்குத் தெரிந்திருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்குப் புத்தியெல்லாம் இருந்தது, அட்டவணை போடும் அளவுக்கு இருந்தது. சிவப்பு மையில் எழுதி ஒட்டிய காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு வீட்டுக்குள் பேசுவதையே நிறுத்திக்கொண்டேன். போன் வந்தால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் மகள் வீடியோ அழைப்பில் வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அப்பா, அம்மா பேசிட்டாங்க!"

பால்கனி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் என் வீட்டில் இருந்த பதினான்கு மாதமும் வராத பேச்சு, என்னை விட்டுப் போன மூன்றாவது வாரம் வந்திருக்கிறது. இங்கே பயிற்சி உண்டு, கிளி கடித்த கொய்யா உண்டு, நான் உண்டு. அங்கே இல்லாதது கிளியும் நானும். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இந்தக் கணக்குத்தான் முதலில் மனதில் ஓடியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"இன்னிக்குக் காலைல கொய்யா நறுக்கிட்டிருந்தேன். பக்கத்துல உக்காந்திருந்தாங்க. திடீர்னு வாயத் தொறந்து சொன்னாங்கப்பா. அப்போலேர்ந்து அதையே சொல்லிட்டிருக்காங்க. பேச்சு திரும்பும்போது சில பேருக்கு மொதல்ல ஒரே வார்த்ததான் வருமாம், எல்லாத்துக்கும் அதையே சொல்வாங்களாம். இருங்க, காட்டறேன்."

படம் ஆடி, ஜன்னல் தெரிந்து, பிறகு அவள் முகம் வந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். யாரோ பூ வைத்துவிட்டிருந்தார்கள். நான் தலையைக் கோதிக்கொண்டேன். "ம்மா, யாருன்னு பாரு, அப்பா" என்றாள் மகள். என் மனைவி திரையைப் பார்த்தாள். நான் சிரிக்க முயன்றேன். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தை வெகு நேரம், ஒரு எழுத்தைப் படிப்பதுபோலப் பார்த்தாள். வாயின் இடதுபக்கம் அசைந்தது. பிறகு அவளுடைய பழைய குரல், கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் தெளிவாக வந்தது.

"பயம்."

"கேட்டீங்களா?" என்று மகள் குதித்தாள். "பழம்! பழம்னு சொல்றாங்க. ம்மா, இன்னொரு வாட்டி சொல்லும்மா."

அவள் என்னைப் பார்த்தபடியே இன்னொரு தடவை சொன்னாள். "பயம்."

அவள் எப்போதும் பழத்தை அப்படித்தான் சொல்லுவாள். முப்பத்து நான்கு வருஷம் அதைத் திருத்தியவன் நான். எதற்குப் பயம், யாரைப் பார்த்துப் பயம் என்று கேட்டுச் சிரித்தவனும் நான்தான்.

"என்னப்பா, பழம்னுதானே சொல்றாங்க?"

"ஆமாம்மா" என்றேன். "பழம்னுதான் சொல்றா. நல்லாக் கேக்குது."